பிடியரிசிப் பானை

எப்சிபாய் வேதக்கோயில் வாசலில் சுளகை வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சபைப் பெண்கள் வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் கர்த்தருக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவார்கள். மாசக் கடைசியில் அதைக் கோயிலில் சேர்த்து, மலையடிவாரத்துக் குடிசைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

போன மாசம் கோயில் உபதேசியார், "எப்சிபா அரிசி முத்து முத்தா இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பிடித்தது அரிசி மில்காரர் பெண்டாட்டி ராகேலம்மாளுக்கு வயிற்றெரிச்சல். மில்லைக் கூட்டுகிறவளுக்கா இந்தப் புகழ்? இன்றைக்குத் தன் பிடியரிசிப் பானையோடு நேரே வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ திங்கது ரேஷன் அரிசி. உன் பானையில பொன்னி எப்படி வந்துச்சு? எங்க மில்லுல அள்ளுனதுதானே?"

"நடவுக்குக் கூலியா வந்த நெல்லும்மா. கர்த்தருக்குன்னு எடுத்து வச்சேன்."

"அரிசியில உன் பேரா எழுதியிருக்கு? உன்னோடதுன்னு இப்பவே காட்டு. இல்லன்னா நாளையிலருந்து மில்லுக்கு வராத."

எப்சிபாய் சுளகைக் கீழே வைத்தாள். ராகேலம்மாளின் பித்தளைப் பானையை எடுத்துப் பாயில் கவிழ்த்தாள். பழுப்பாய், வண்டு ஊர்கிற ரேஷன் அரிசி கொட்டியது.

"என் பானையில பொன்னி இருந்தா, அது உங்ககிட்ட திருடுனது. சரிம்மா. நீங்க திங்கது பொன்னி, உங்க பானையில ரேஷன் அரிசி இருக்கே. அதை எங்க வீட்டுல எப்பம்மா திருடுனீக?"

அரிசி கொடுக்க வந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். உபதேசியாருக்கு இருமல் வந்துவிட்டது.

"நாளைக்கு மில்லுக்கு வரவாம்மா?"

"வா, வாட்டி. வந்து தொலை."

"வாரேன்மா. வரும்போது உங்க பானையில போட ஒரு பிடி பொன்னி எடுத்துட்டு..."

அதற்குள் தெருவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்: "எப்சிபா! உன் பிள்ளை முழிச்சு அழுது, ஓடியா!"