பொற்பலகையும் நூற்றுப் பன்னிரண்டு கஷ்டங்களும்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், மூவாயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மௌனத்துக்கு மாதம் ஆறு பொன் விலை. விலை மதிக்க முடியாத சரக்கு அது. ஆனால் அரண்மனைக் கருவூலம் அதற்கு விலை கட்டி, இடும்பன் என்ற முரசடிப்பவனுக்கு மாதம் தவறாமல் கொடுத்துவந்தது. அதைவிட மலிவாக எந்த அரசனும் எதையும் வாங்கியதில்லை.

அந்த நாட்டு மன்னர் செண்பகமாறனுக்குப் போரும் இல்லை, பஞ்சமும் இல்லை, பொழுதும் போகவில்லை. ஒருநாள் அரண்மனை முற்றத்தில் பொன்தகடு பதித்த பலகை ஒன்றைப் போடச் சொன்னார். யார் வேண்டுமானாலும் வரிசையில் நின்று அதில் உட்காரலாம். கேள்விகள் ஏழு. ஏழுக்கும் சரியாக விடை சொன்னால் கேட்டது கிடைக்கும். ஒன்று தப்பினால் ஒரு வெற்றிலைச் சுருளோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கேள்வி கேட்பவர் அவைப்புலவர் சந்திரசூடர். விடை சரியா தவறா என்று அவர் அறிவிப்பதற்கு முன் முரசு ஒருமுறை முழங்க வேண்டும். முழங்காதவரை அது விடையே அல்ல. இதுதான் ஆட்டத்தின் விதி.

விடை சொன்னவன் வாயை மூடியதும் இடும்பன் கோலை ஓங்குவான். ஓங்கியபடியே நிற்பான். முற்றத்துப் புறாக்கள் சிறகை மடக்கிக்கொள்ளும். மடியில் பால் குடிக்கும் பிள்ளை குடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும். இனி ஒரு நொடியும் தாங்காது என்று எல்லோர் நெஞ்சும் சொல்லும் இடத்தில் அடி விழும். அந்த இடம் எப்படித் தெரிகிறது என்று கேட்டால் இடும்பன் சிரிப்பான். அவனுக்கே தெரியாது. மன்னர் கேள்விக்காகவும் வரவில்லை, விடைக்காகவும் வரவில்லை. அந்த மௌனத்துக்காகத்தான் தினமும் வந்தார். கோவில் கருவறை முன்கூடத் தனக்கு இப்படி மயிர்க்கூச்செறிந்ததில்லை என்று அவை விகடன் பேரம்பலத்திடம் அவர் ஒருமுறை சொன்னதுண்டு.

பேரம்பலம் துணிக்கடைக்காரரின் மகன். முழம் போடும்போது கை எவ்வளவு சுருங்கும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவன். அவனும் அந்த மௌனத்தில் வாய் பிளந்து நின்றவன்தான்.

சந்திரசூடருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. பேசுவது அவர், கூட்டம் பார்ப்பதோ முரசுக்காரனின் கையை. அதனால் மௌனம் விழும் இடங்களிலெல்லாம் சொற்களைக் கொட்டி அடைக்கத் தொடங்கினார். விடை சொன்னவனை "நிச்சயமாகத்தானா?" என்று கேட்பார். ஆமாம் என்றால், இன்னொருமுறை யோசிக்கலாமே என்பார். யோசித்துவிட்டேன் என்றால் மறுபடியும் "நிச்சயமாகத்தானா?" அது மட்டுமா? பலகையில் உட்கார வந்தவர்களிடம் முதலில் வீட்டுக் கதையைக் கேட்பார். அழ வைப்பார். சால்வை நுனியால் தம் கண்ணையும் ஒற்றிக்கொண்டு, "உங்கள் கஷ்டம் இனி என் கஷ்டம்" என்று தழுதழுப்பார். ஒருவரையும் விட்டதில்லை.

உட்காருகிறவர்களும் இளைத்தவர்கள் இல்லை. முதல் நாள் வந்த ஓர் ஊர்த்தலைவர் கைகூப்பி, "இந்தப் பலகையில் உட்கார்ந்ததே எனக்குப் போதும், வேறொன்றும் வேண்டாம்" என்றார். மன்னர் புன்னகைத்தார். அன்றிலிருந்து அதைச் சொல்லாதவன் பேராசைக்காரன் என்று ஆகிவிட்டது. வரிசையில் நிற்கும்போதே முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

இந்தச் சொற்கள் ஊருக்குள்ளும் இறங்கின. கத்தரிக்காய் கேட்டால் காய்க்காரி "நிச்சயமாகத்தானா?" என்றாள். தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையிடம் புரோகிதர், இன்னொருமுறை யோசிக்கலாமே என்றார். பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்ட தகப்பனை மருத்துவச்சி கதவிடுக்கு வழியாகப் பார்த்து, முரசு முழங்கட்டும் என்றாளாம்.

ஒருநாள் பலகையில் உப்பு வண்டிக்காரக் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சரியான விடையைத்தான் சொன்னார். சந்திரசூடர் ஒன்பது முறை "நிச்சயமாகத்தானா?" கேட்டார். கிழவருக்குத் தம் விடைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பத்தாவது முறை கேட்கப் புலவர் வாயைத் திறந்தபோது இடும்பன் முரசை அடித்துவிட்டான். கிழவர் பிழைத்தார். இடும்பன் மாட்டிக்கொண்டான். தாம் தலையசைக்காமல் அடித்தது மன்னரின் மௌனத்தையே உடைத்த குற்றம் என்றார் சந்திரசூடர். அன்றைய மௌனம் பாழான எரிச்சலில் இருந்த மன்னரும் ஓராண்டுச் சிறை என்று சொல்லிவிட்டார். முரசுக்கோல் சந்திரசூடரின் அக்காள் மகன் கைக்குப் போனது. மாமன் தலையசைத்தால் அவன் அடிப்பான். அசைக்காவிட்டால் பொழுது சாயும்வரை நின்றுகொண்டிருப்பான். கூட்டம் இருமத் தொடங்கியது. வெற்றிலை மெல்லும் சத்தம் கேட்டது. மன்னர் கொட்டாவி விட்டார்.

அவன் சிறைக்குப் போன நாற்பதாம் நாள் இடும்பனின் மனைவி வள்ளிக்கண்ணு வரிசையில் வந்து நின்றாள். முரசுத் தோல் தளராமல் இருக்க அனல் சட்டி காட்டுவது அவள் வேலையாக இருந்தது. முரசுக்குப் பின்னால் குந்தியபடி அத்தனை நாள் கேள்விகளையும் கேட்டவள். வரிசையில் சொல்லிக்கொடுத்தபடி, உட்கார்ந்ததே போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஒப்பித்தாள். சந்திரசூடரும் கண்ணை ஒற்றிக்கொண்டு அவள் கஷ்டம் இனித் தம் கஷ்டம் என்றார். ஆறு கேள்விகளைத் தாண்டினாள். ஏழாவது, இந்த முற்றத்துக்கு ஏறிவரும் படிகள் எத்தனை என்பது. தினமும் ஏறி வரும் அமைச்சர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பதினேழு சாமி. முரசத் தலையில வச்சுக்கிட்டு ஏறினவளுக்குத் தெரியாதா?"

மாமன் தலையசைக்க, மருமகன் அடிக்க, விடை சரியென்று ஆனது. அவள் மன்னரைப் பார்த்துக் கைகூப்பினாள். "எனக்குப் பொன்னு வேணாம் சாமி. எங்க வீட்டுக்காரர விட்டுடுங்க."

சந்திரசூடர் குனிந்து வணங்கினார். "அரசே, இந்த அம்மாள் உட்கார்ந்ததே போதும், வேறொன்றும் வேண்டாம் என்று மூவாயிரம் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்றவருக்குக் கொடுப்பது அவருடைய சொல்லை அவமதிப்பதாகும்."

மன்னர் யோசித்தார். வாக்கில் தளர்ந்தவர் என்று பெயரெடுக்க அவருக்கு விருப்பமில்லை. "பொற்பலகையருகே சொன்ன சொல் சொன்னவரைக் கட்டும். மரியாதைக்குச் சொன்னேன் என்று எவரும் தப்ப முடியாது. இதுவே என் தீர்ப்பு" என்றார். வள்ளிக்கண்ணு பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை.

பேரம்பலம் தொண்டையைச் செருமினான். மன்னர் என்னவென்று கேட்டார்.

"ஒன்றுமில்லை அரசே. எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் என் தகப்பனார், உங்களிடம் காசா பெரிது, எடுத்துக்கொண்டு போங்கள் என்பார். அதை நம்பித் துணியைத் தூக்கிக்கொண்டு நடந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மன்னர் முகம் சிவந்தது. இதுதான் சமயம் என்று சந்திரசூடர் முன்னால் வந்தார். பேரம்பலம் அவ்வளவு கெட்டிக்காரன் என்றால் தீர்ப்பும் மாறாமல் சிறையும் திறக்க வழி காட்டட்டும், மூன்றாம் நாள் உச்சிப் பொழுதுக்குள் முடியாவிட்டால் அவனும் இடும்பனோடு களி தின்னட்டும் என்றார். மன்னர் அப்படியே ஆகட்டும் என்றார்.

"ஒரே ஒரு சந்தேகம் அரசே. இந்தத் தீர்ப்பு பலகையில் உட்கார்ந்தவருக்கு மட்டுமா, பக்கத்தில் நின்றவருக்குமா?"

"பலகையருகே வாய் திறந்த எவருக்கும்" என்றார் மன்னர்.

பேரம்பலம் புலவர் பக்கம் திரும்பினான். "ஐயா, உங்களுக்கும் சம்மதம்தானே? நிச்சயமாகத்தானா?"

"நிச்சயமாக" என்றார் சந்திரசூடர்.

மூன்றாம் நாள் காலையில் சந்திரசூடர் பல் துலக்க வெளியே வந்தபோது வாசலில் கூட்டம் நின்றது. வள்ளிக்கண்ணுவுக்கு முன் பலகையில் உட்கார்ந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒருவன் தன் ஓட்டைக் கூரையின் கீற்றுகளை அவர் முற்றத்தில் இறக்கினான். இன்னொருவன் வரப்புத் தகராறைக் கொண்டுவந்திருந்தான். எதிராளியையும் கையோடு கூட்டி வந்திருந்தான். வீங்கிய கன்னத்தோடு வந்தவன் பேச முடியாமல் தன் பல்லைச் சுட்டி, பிறகு அவரைச் சுட்டினான். ஒரு தாய், தன் மகனுக்கு வாய்ப்பாடு ஏறவில்லை, இனி உங்கள் பாடு என்று சொல்லி அவனை உள்ளே தள்ளினாள். உப்பு வண்டிக்காரக் கிழவர் படுத்தால் எழுந்திருக்காத தன் காளையை ஓட்டி வந்தார். அது நிலைப்படியைக் கண்டதும் படுத்தது.

சந்திரசூடர் கொல்லைப்புறமாக அரண்மனைக்கு ஓடினார். கூட்டம் வாசல்புறமாக ஓடியது. எல்லோரும் முற்றத்தில் சந்தித்தார்கள். ஊரும் திரண்டுவிட்டது.

மன்னர் விசாரித்தார். புலவர் அப்படிச் சொன்னாரா என்று கேட்டதும் நூற்றுப் பன்னிரண்டு பேரும் மேல்துண்டையும் முந்தானையையும் எடுத்துக் கண்ணை ஒற்றி, ஒரே குரலில் தழுதழுத்தார்கள்: "உங்கள் கஷ்டம் இனி என் கஷ்டம்." மன்னரின் மீசை துடித்தது. அடக்கிக்கொண்டார்.

கடைசியில் வள்ளிக்கண்ணு முன்னால் வந்தாள். "என் கஷ்டம் ஒரு வருஷச் செயிலுங்க ஐயா. எங்க வீட்டுக்காரரு கொஞ்சம் கழிச்சுட்டாரு. மிச்சம் உங்களுது. எப்பப் போறீங்க?"

சந்திரசூடர் மன்னர் பக்கம் திரும்பினார். "அரசே, அதெல்லாம் ஒப்புக்குச் சொல்வது. பழக்கத்தில் வாயில் வருவது."

"ஐயா, அங்கே நின்று சொன்னால் காற்றோடு போய்விடும்" என்றான் பேரம்பலம். "பலகையில் உட்கார்ந்து சொல்லுங்கள். ஒரே கேள்விதான். பழக்கத்தில் வாயில் வருகிற மரியாதைச் சொல், சொன்னவரைக் கட்டுமா, கட்டாதா?"

சந்திரசூடர் உட்கார்ந்தார். கட்டும் என்றால் ஓட்டைக் கூரையிலிருந்து சிறைவரை அத்தனையும் அவர் தலையில். கட்டாது என்றால் முரசுக்காரன் மனைவியையும் அவள் சொன்ன சொல் கட்டாது. அவர் வீட்டு வாசலில் காளை கத்தும் சத்தம் இங்குவரை கேட்டது.

"கட்டாது" என்றார்.

அதன்பின் யாரும் பேசவில்லை. பேரம்பலம்கூட "நிச்சயமாகத்தானா?" என்று கேட்கவில்லை. மருமகன் கோலை ஓங்கி மாமன் தலையசைப்புக்காகப் பார்த்தான். அடி விழுந்தால் விடை உறுதியாகிவிடும், தம் வழக்கு தோற்றுவிடும் என்பதால் மாமன் தலை அசையவில்லை. முரசு முழங்காதவரை அது விடையும் அல்ல. கோல் அப்படியே நின்றது. இருமல் நின்றது. மெல்லும் வாய்கள் நின்றன. புறாக்கள் ஒவ்வொன்றாகச் சிறகை மடக்கின. நாற்பது நாளாகக் காணாமல் போயிருந்த மௌனம் எங்கிருந்தோ திரும்பி வந்து முற்றம் முழுவதும் நிறைந்தது.

மன்னரின் கை மயிர் சிலிர்த்தது. மருமகன் இன்னும் மாமன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இது அவனால் முடிக்கக்கூடியது அல்ல என்று அவருக்குப் புரிந்தது. சத்தமில்லாமல் விரலை நீட்டிச் சிறைப்பக்கம் காட்டினார். இரண்டு காவலர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள்.

அவர்கள் போய்த் திரும்பும்வரை மூவாயிரம் பேர் அப்படியே நின்றார்கள். பிறகு கீழே சங்கிலிச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு சத்தம். தன்னையறியாமல் எல்லோர் மனமும் எண்ணியது. பதினேழு. கால் விலங்கோடு இடும்பன் முற்றத்தில் நின்றான். வள்ளிக்கண்ணு முரசுத் தோலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்பதுபோல் தலையசைத்தாள். அவன் மருமகன் கையிலிருந்து கோலை வாங்கி ஓங்கினான்.

உடனே அடிக்கவில்லை. அவ்வளவு நேரம் நின்ற கூட்டத்தை இன்னும் நிறுத்தினான். மேகம் ஒன்று சூரியனைக் கடந்து போனது. மன்னர் அரியணையை விட்டு எழுந்திருந்தார். எழுந்ததை அவரே அறியவில்லை.

அடி விழுந்தது.

புறாக்கள் அனைத்தும் ஒன்றாக எழும்பின. யாரோ அழுதார்கள். நெடுநேரம் கழித்து மன்னர் பேசினார். "என் தீர்ப்பு நிற்கிறது. பலகையில் சொன்ன சொல் கட்டும். மரியாதைச் சொல் கட்டாது என்று புலவர் பலகையில் சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவரைக் கட்டும். இனி அவர் அந்த அம்மாளுக்கு எதிராக வாய் திறக்க முடியாது. விலங்கை வெட்டுங்கள்." சொல்லி முடித்ததும், கண்ணை ஒற்றிய அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் நினைவுக்கு வந்து அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரியணையில் உட்கார்ந்தார்.

கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பேரம்பலத்திடம் நீட்டினார். அவன் கைகூப்பி, "இந்த அவையில் நிற்பதே எனக்குப் போதும்..." என்று தொடங்கியவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்லை அரசே. மாலையைக் கொடுங்கள்."

அன்று மாலை அரண்மனைக் கணக்கர் ஓலையில் எழுதி வைத்தது இவ்வளவுதான். சந்திரசூடர் வாசலுக்கு வந்த கஷ்டங்கள் நூற்றுப் பன்னிரண்டு, வள்ளிக்கண்ணுவினுடையதோடு சேர்த்து நூற்றுப் பதின்மூன்று என்று பிறகு திருத்தியிருக்கிறார். தீர்ந்தது ஒன்று. உடையவர்களே திரும்ப எடுத்துக்கொண்டு போனவை நூற்றுப் பதினொன்று. பாக்கி ஒன்று, காளை. இன்னும் எழுந்திருக்கவில்லை.