எட்டாத வடம்

செண்பகராமனை அவன் அண்ணன் ஆவுடையப்பன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் பம்ப்செட் கூரைமேல் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். சுற்றிலும் வெள்ளம்.

அடுத்துப் பார்த்தது வாழைத்தோப்பில், சேற்றுக்குள்.

தம்பிக்குக் கொள்ளி வைத்த மறுநாள் ஆவுடையப்பன் மடத்துக்கு வந்தார். மடத்தை நடத்தும் பிரமு அம்மாளிடம் தீட்சை வாங்கியவர். அவளைவிட வயதில் மூத்தவர். எப்போதும் விழுந்து கும்பிடுகிறவர் அன்று கும்பிடவில்லை. கழுத்து உருத்திராட்சத்தைக் கழற்றி அவள் முன்னால் போட்டார்.

"இனிமே இது எனக்கு வேண்டாம்."

அம்மாள் அடுப்பங்கரையில் வெள்ளம் விட்டுப்போன சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

அவர் கொட்டித் தீர்த்தார். வெள்ளத்தன்று ஊரே கோயில் மேட்டில் கூடி நின்றது. தொண்டை கட்டும்வரை பதிகம் பாடினார்கள். பயப்படாதே, ஈசன் கைவிட மாட்டான் என்று அவரே தம்பியைப் பார்த்துக் கத்தினார். கூப்பிட்டால் வருவான் என்று சொல்லிக்கொடுத்தது யார்? இவள்தானே?

"கல்லுன்னு சொன்னவன் சரியாத்தான் சொன்னான். காதே இல்லம்மா அதுக்கு."

"தம்பி என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவான்? வடத்த வாழைமரத்துல கட்டி மிதக்க விடுங்கண்ணேன்னான். தண்ணி இங்கிருந்து அவன் பக்கமாத்தான் ஓடுச்சு."

"எந்த வடம்?"

"தேர் வடந்தான். மண்டபத்துல கிடக்குல்லா."

அம்மாளின் கை நின்றது.

"விட்டீங்களா?"

அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களைத் தவிர அந்த வடத்தை யாரும் தொட்டதில்லை. தொடக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவரும் சொன்னார். சாமி பொருளைத் தீட்டாக்கிவிட்டு, அந்தச் சாமியிடமே உயிர்ப்பிச்சை கேட்க எந்த முகத்தோடு நிற்பது?



"விட்டாலும் எட்டியிருக்காதும்மா. அம்புட்டுத் தூரம்."

அவள் எழுந்தாள். கையைக்கூடக் கழுவவில்லை. "வாங்க அண்ணாச்சி" என்று முன்னால் நடந்தாள்.

கோயில் மேட்டு மண்டபத்தில் வடம் சுருட்டிக் கிடந்தது. சேற்றுக் கையோடு அதன் நுனியைத் தூக்கித் தோளில் போட்டாள். காவல்காரர் பதறி ஓடிவந்து குறுக்கே நின்றார்.

"தள்ளும். தடுக்கணும்னா ஈசன் வந்து தடுக்கட்டும்."

காவல்காரர் விலகினார். அவள் ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தயங்கினார். பிறகு வடத்தைப் பிடித்தார்.

வெள்ளம் வடிந்த வயலில், முழங்கால் சேற்றில் இருவரும் இழுத்தார்கள். பம்ப்செட் வந்தது. அம்மாள் அதன் தூணைச் சுற்றி வடத்தை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அப்புறம் கோயில் மேட்டைக் கைகாட்டினாள்.

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார்.

மண்டபத்தில் வடம் இன்னும் ஒரு பெரிய சுருள் மீதி கிடந்தது.