எல்லோருக்கும் ஒரே கடிதம்

பிளஸ் டூ ஆங்கிலத் தேர்வை மாற்றிவிட்டார்கள். பாடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த நெடுவினா ஒன்றைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒன்று: ‘இந்த வாரம் நீ பார்த்த ஒன்றைப் பற்றி உனக்குத் தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுது.’ பத்து மதிப்பெண். பாடப்புத்தகத்தில் பதில் கிடையாது. கைடிலும் கிடையாது.

சிங்கராயர் சார் ஆடிப்போய்விட்டார்.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக ஆங்கில ஆசிரியர். கடந்த பதினான்கு வருஷத்தில் அவர் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒருவரும் பெயிலானதில்லை. காரணம், அவர் தயாரித்து வைத்திருந்த பொதுப் பத்தி. எந்தச் செய்யுளைக் கேட்டாலும் அதையே எழுதலாம். செய்யுளின் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம், கவிஞரின் பெயருக்கு ஒரு கோடிட்ட இடம். மற்றபடி ஒன்பது வாக்கியமும் மாறாது. கவிஞர் அழுதிருந்தாலும் சிரித்திருந்தாலும், பத்தியில் அவர் இயற்கையின் அழகை வியந்து, உயர்ந்த கருத்து ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

இதைக் கேலி செய்வது சுலபம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்பது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு கரையேறியவர்களில் இன்று நர்ஸுகள் இருக்கிறார்கள், போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சிங்கராயருக்கு ஒரு குரு உண்டு. ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக இருக்கும் தமயந்தி. அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். அவர் நடத்திய ஒரு பயிற்சி வகுப்புக்கு வேண்டாவெறுப்பாகப் போய் உட்கார்ந்த சிங்கராயர், அன்றிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் தமயந்தியின் அறைக்குத்தான் போகிறார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமை விடைத்தாள் கட்டோடு போனார்.

“மேடம், புதுக் கேள்விக்கும் ஒரு பொதுப் பத்தி பண்ணிட்டேன். அரையாண்டுல எழுத வச்சுப் பாத்தாச்சு. நாப்பத்து மூணு பேரும் பாஸ்.”

“அப்புறம் எதுக்கு சார் வந்தீங்க?”

“நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு நிம்மதி.”

தமயந்தி அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கடிதம் யாருக்கு என்பதற்கு ஒரு கோடு. எதைப் பார்த்தேன் என்பதற்கு ஒரு கோடு. மற்றதெல்லாம் தயார்.

“இங்க எத வேணும்னாலும் போடலாமா?”

“எத வேணும்னாலும் போடலாம் மேடம். திருவிழா, சர்க்கஸ், மழை, எல்லாத்துக்கும் பொருந்தும்.”

“இது இல்லாம சொந்தமா எழுதச் சொன்னா?”

“வெள்ளைப் பேப்பர்தான் வரும். ஒரு வரி வராது மேடம். இங்கிலீஷ்ல போச்சுன்னா பொம்பளப் பிள்ளைகள நூல் மில்லுக்கு அனுப்பிருவாங்க. திரும்பப் படிக்க வராதுக. என் ரிசல்ட் எனக்குப் பெருசில்ல மேடம்.”

ரிசல்ட்டும் கொஞ்சம் பெரிசுதான். ஆனால் மில்லைப் பற்றிச் சொன்னாரே, அது பொய்யில்லை.

“இருக்குறதுலயே நல்ல பேப்பர் ஒண்ணு எடுங்க” என்றார் தமயந்தி.

சிங்கராயர் தேடவே இல்லை. கட்டின் மேலே முதலாவதாக இருந்ததை எடுத்தார்.

“கௌசிகான்னு ஒரு பிள்ள. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு பிழை கிடையாது. பத்துக்கு ஒம்போது போட்டிருக்கேன்.”

“படிங்க. தமிழ்லயே சொல்லுங்க.”

சிங்கராயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்சாகமாக ஆரம்பித்தார்.

“அன்புள்ள அப்பா, நான் நலம். நீங்கள் நலமா? இந்த வாரம் நான் நம் வீட்டை இடிப்பதைப் பார்த்தேன்.”

நிறுத்தினார்.

“மேல படிங்க சார்.”

“அது மிகவும் அழகாக இருந்தது.”

“ம்.”

“என் மனம் மகிழ்ச்சியில் துள்ளியது. ஏராளமான மக்கள் கூடியிருந்தார்கள். நீங்களும் ஒருமுறை வந்து...”

அதற்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஜேசிபி நின்றதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தும் இருக்கிறார்.

“அவங்க அப்பா சவுதியில இருக்காரு மேடம். இந்தப் பிள்ள ஒருநாள்கூட லீவு போடல. நாலாவது பெஞ்சுலதான் உக்காந்திருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.”

“சொல்லியிருக்கா சார். நீங்க ஒம்போது மார்க் போட்டிருக்கீங்க.”

சிங்கராயர் தாளைக் கட்டின் மேல் வைத்தார். பிறகு கேட்டார்.

“மார்ச்சுல நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க மேடம்.”

தமயந்தி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன் தள்ளி வைத்தார்.

“அந்தப் பிள்ளைக்குப் பதில் எழுதுங்க. இங்கிலீஷ்லயே.”

சிங்கராயர் எம்.ஏ., பி.எட். பேனாவைத் திறந்ததும் கை கடகடவென்று ஓடியது. ஐந்து வரி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். உன் கடிதம் கண்டு மிக்க மகிழ்ச்சி, உன் வாழ்வில் எல்லா நலமும் பெருக வாழ்த்துகிறேன் என்று இருந்தது. தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

தமயந்தி இன்னொரு தாள் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த முறை கை ஓடவில்லை. ஒரு சொல் எழுதினார், அடித்தார். இன்னொன்று எழுதினார். முக்கால் மணி நேரத்தில் நாலு வரி வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அந்த நாலு வரிக்கு வேர்த்துவிட்டது. எழுந்து தமயந்தியிடம் தாளை நீட்டினார்.

தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘கௌசிகா, எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படிக்காமலே மார்க் போட்டேன். நீயும் அம்மாவும் இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்? நான் வரலாமா?’

தமயந்தி படித்து முடித்தார். சிங்கராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“எல்லாம் துண்டு துண்டா இருக்கு மேடம். இதுக்குப் பத்துக்கு எத்தன போடுவீங்க?”

தமயந்தி தாளை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“நான் எப்படி சார் போடுறது? கௌசிகாகிட்ட கொண்டுபோய்க் குடுங்க.”