டீ சொன்னதும் சரியான கேபிள்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு, சத்தியமா. ஆனா இப்போ இல்லை. ஆபீசர் முதலில் கத்தி முடிக்கட்டும்.

சர்க்கரை ஆலையின் செக்யூரிட்டி ஆபீசர் நாச்சிமுத்து, வாக்கி டாக்கியில் புது சேனல் ஏற்ற, அதை லேப்டாப்போடு கேபிளால் இணைத்தார். "தொடர்பு இல்லை, தொடர்பு இல்லை" என்று திரை ஓயாமல் சொன்னது. ஐந்து கேபிள் மாற்றினார். ஆறாவது கேபிளுக்கு எலுமிச்சம்பழம் சுற்றினார். அதற்கும் அதே பதில்தான். இப்பவும் சிரிக்காதீங்க.

வயர் வேலை பார்க்கும் பூவாத்தாளைக் கூப்பிட்டார்.

"நான் மாட்டினதுல எவ கையும் படக்கூடாது. தொடாமலே சரி பண்ணு. இல்லேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

பூவாத்தாள் மேசையை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க சார். மொதல்ல ஒரு டீ வேணுமுங்க. அந்த வாக்கி டாக்கியிலயே கேன்டீனுக்குச் சொல்லிருங்க."

"திமிரு" என்று முனகியபடி, ஆபீசர் வாக்கி டாக்கியை எடுத்து, அதன் தலைக் குமிழை டிக்கென்று திருகி, "கேன்டீன், ஒரு டீ" என்று அதட்டினார். டீ வரவில்லை. திரையில் "தொடர்பு கிடைத்தது" என்று வந்தது.

"பார்த்தியா, என் குரலுக்குக் கேபிளே நடுங்குது."

"ஆமாங்க சார். எப்படிச் சரியாச்சுன்னு ரிப்போர்ட்ல நீங்களே எழுதிருங்க."

அவர் மீசையை நீவிவிட்டு எழுதினார்: 'நான் வாக்கி டாக்கியைக் கையில் எடுத்து, ஆன் செய்து...'

பேனா அங்கேயே நின்றது.