கார்குழலியின் விரல்கள்

கேளுங்கள் பிள்ளைகளே. பின்வரிசையில் கொட்டாவி விடும் பெரியவர்களும் கேளுங்கள். மலைகளுக்கு எவரும் எல்லைக்கல் நடாத காலத்தில், தேனாற்றங்கரை நாட்டை நெடுங்கோ என்ற அரசன் ஆண்டு வந்தான். நல்லவன்தான். வரி குறைவு, கோபம் குறைவு, பேச்சும் குறைவு.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முடிசூடிய நாளிலிருந்து அரசனின் தலையை யாரும் வெறுங்கையால் தொடக் கூடாது. எண்ணெய் தேய்ப்பவர்கூடக் கையில் பட்டுத்துணி சுற்றிக்கொண்டுதான் தேய்ப்பார். தாய் தொடக் கூடாது, தாரம் தொடக் கூடாது, பெற்ற பிள்ளையும் தொடக் கூடாது. அந்தத் தலை நாட்டுக்குச் சொந்தமாம். நெடுங்கோ பட்டத்துக்கு வந்தபோது மீசைகூட முளைக்கவில்லை. உனக்கு இது சம்மதமா என்று யாரும் அவனைக் கேட்கவும் இல்லை.

ஒரு பொங்கல் விழாவுக்கு மலைநாட்டார் காணிக்கை கொண்டுவந்தார்கள். தேன் வந்தது, அகில் வந்தது, ஒரு சோலைமந்திக் குட்டியும் வந்தது. கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். அரசனுக்கு அதை மிகவும் பிடித்துப்போயிற்று. கார்குழலி என்று பெயர் வைத்தான். முற்றத்து மகிழமரத்தடியில் கூண்டு செய்யச் சொன்னான்.

கார்குழலி வளர்ந்தாள். வளர வளர ஒரே இடத்தில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடத் தொடங்கினாள், தொட்டில் இல்லாத குழந்தை தன்னைத் தானே ஆட்டிக்கொள்வதைப் போல. பிறகு தன் முடியைத் தானே பிடுங்கத் தொடங்கினாள். முன்கை வெளுத்தது. தொடை வெளுத்தது. சாப்பாடும் குறைந்தது.

"கார்குழலிக்கு இப்போது குழல்தான் இல்லை" என்று காவலன் சாத்தன் கேலி பேசினான். அரசன் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அரசன் வைத்தியரை அழைத்தான். "பித்தம், அரசே" என்றார் வைத்தியர். வேப்பெண்ணெய் பூசினார். கார்குழலி அவரைப் பார்த்தாள். பிறகு ஒரு முடியைப் பிடுங்கினாள்.

அரசன் சமையல்காரரை அழைத்தான். "நாக்கு செத்துப்போயிருக்கிறது, அரசே" என்றார் அவர். பலாச்சுளையைத் தேனில் ஊறவைத்துக் கொடுத்தார். கார்குழலி அதைப் பார்த்தாள். பிறகு ஒரு முடியைப் பிடுங்கினாள்.

அரசன் பொற்கொல்லரை அழைத்தான். "இந்தக் கூண்டில் இருந்தால் எனக்கே அழுகை வரும், அரசே" என்றார் அவர். பொற்கம்பி போட்டு, ஊஞ்சல் கட்டி, உள்ளே ஒரு கண்ணாடியும் பதித்தார். கார்குழலி கண்ணாடியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். உள்ளே இருந்தவளின் பிடரியை விலக்கிப் பேன் பார்க்க விரலை நீட்டினாள். விரல் வழுக்கியது. மறுபடி நீட்டினாள், மறுபடி வழுக்கியது. அன்று நிறைய முடியைப் பிடுங்கினாள்.

"இனித் தேறாது" என்று வைத்தியர் கைவிரித்தார்.

அன்று நடுப்பகல். வெயில் தாங்காமல் அரசன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூண்டில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தான். கம்பிக்கு இடையில் ஒரு கை வந்தது. அவன் தலைமுடியை மெல்ல விலக்கியது. ஒரு வகிடு எடுத்தது. குனிந்து உற்றுப் பார்த்தது. அடுத்த வகிடு எடுத்தது.

சாத்தன் வேலை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தான். "அரசே! தலை! தலை!"

"சத்தம் போடாதே" என்றான் அரசன், கண்ணைத் திறக்காமல். "அவள் வேலையாக இருக்கிறாள்."

அவன் கண்ணோரம் நனைந்திருந்ததைச் சாத்தன் பார்த்தான். பார்க்காததுபோல் நின்றான்.

அதன்பின் தினமும் நடுப்பகலில் அரசன் வந்தான். தினமும் கார்குழலி பார்த்தாள். கிடைத்தது ஒரு பொடுகு என்றாலும் அதை எடுத்துக் காட்டி, உதட்டைச் சப்பி, மகிழ்ந்தாள். அவளுக்கு முடி முளைத்தது. அவனுக்குச் சிரிப்பு முளைத்தது. சரியாகிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு எல்லைப்புறத்தில் வெள்ளம். அரசன் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது, கார்குழலி கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தாள். முன்கை மீண்டும் வெளுத்திருந்தது. அவன் காலடி கேட்டதும் தவழ்ந்து வந்து கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள்.

"பார்த்தாயா மருதி, என் ஒருவனை நம்பித்தான் இருக்கிறாள்" என்றான் அரசன், தன் அரசியிடம்.

"பெருமையாகவா சொல்கிறீர்கள்?" என்றாள் மருதி.

அரசன் குனிந்து அந்த வெளுத்த முன்கையைப் பார்த்தான்.

"நீங்கள் வெள்ளம் பார்க்கப் போவீர்கள், போர் பார்க்கப் போவீர்கள், வழக்கு கேட்கப் போவீர்கள். இவள் யார் தலையைப் பார்ப்பாள்? நீங்கள் ஓர் ஆள். இவளுக்கு ஒரு கூட்டம் வேண்டும்."

"போய்விட்டால் எனக்கு...?" என்று தொடங்கிய அரசன் பாதியில் நிறுத்தினான். அவன் கை தானாகத் தன் தலைக்குப் போயிற்று. அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அன்று முழுவதும் அவன் கூண்டருகே உட்கார்ந்திருந்தான். மாலையில் எழுந்து, "மலைக்குப் போகிறோம். கதவைத் திறந்துவிடுவோம்" என்றான்.

"திறந்தால் போதுமா?" என்றாள் மருதி. "நான் இந்த அரண்மனைக்கு வந்த அன்றே உங்கள் அத்தைமார் என்னைப் பார்த்துச் சிரித்தார்களா? தூணுக்குப் பின்னாலிருந்து எவ்வளவு காலம் முறைத்தார்கள்! குட்டியில் பிரிந்தவளைச் சொந்தம் என்று யாருக்குத் தெரியும்? முதலில் பார்க்கட்டும். கடித்துவிடாதபடி கம்பிக்கு அப்பாலிருந்து பழகட்டும்."

அப்படியே செய்தார்கள். சோலையின் ஓரம், பழுத்த பலாமரத்தின் கீழ், கதவைக் கட்டியபடியே கூண்டை வைத்தார்கள். சோலைமந்திக் கூட்டம் வந்தது. உச்சிக்கிளையிலிருந்து பல்லைக் காட்டிச் சீறியது. கார்குழலி நடுங்கினாள். பிறகு அவை நடுக்கிளைக்கு வந்தன. பிறகு தாழ்ந்த கிளைக்கு வந்தன. அரசன் தூரத்தில் புதருக்குப் பின்னால் கொசுக்கடியில் கிடந்தான். தன் தலையைக் கொண்டுபோய்க் காட்டிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. போகவில்லை.

கடைசியில் ஒரு கிழமந்தி இறங்கி வந்தது. காதில் ஒரு பாதி இல்லை. கூண்டைச் சுற்றியது, மோந்து பார்த்தது, பிறகு திரும்பி உட்கார்ந்து தன் முதுகைக் கம்பியோடு ஒட்டிவைத்தது.

கார்குழலி கையை நீட்டினாள். ஒரு வகிடு எடுத்தாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். இம்முறை உண்மையாகவே பேன் இருந்தது!

கொஞ்ச நேரம் கழித்துக் கிழமந்தி திரும்பியது. கம்பிக்குள் கைவிட்டு, கார்குழலியின் வெளுத்த முன்கையைத் தன் பக்கம் இழுத்து, இருந்த நாலு முடியையும் விலக்கிப் பார்த்தது.

அரசனே போய்க் கதவின் கட்டை அவிழ்த்தான். கார்குழலி அவனை ஒருமுறை பார்த்தாள். பிறகு கிழமந்தியின் வாலைத் தொட்டபடியே மரமேறிப் போனாள்.

அரண்மனை திரும்பிய நெடுங்கோ வெறும் மகிழமரத்தடியில் நின்றான். பிறகு கிரீடத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, மருதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

"பேன் இருக்கிறதா, பார்."

"அரசர் தலையில் பேனா? ஊர் சிரிக்கும்."

"இல்லையென்றால் இல்லையென்று சொல். பார்த்துவிட்டுச் சொல்."

சாத்தன் வேலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மருதியின் வெறும் விரல்கள் முதன்முதலாக அந்தத் தலையைத் தொட்டன. ஒரு வகிடு எடுத்தாள். அடுத்த வகிடு எடுத்தாள்.

"பேன் இல்லை. ஒரு நரைதான் இருக்கிறது. பிடுங்கட்டுமா?"

"வேண்டாம்" என்றான் அரசன். "இந்த வீட்டில் பிடுங்கியதெல்லாம் போதும்."

கதை இவ்வளவுதான் பிள்ளைகளே, இதன் நீதி இது: எந்த உயிரையும் அன்பின் பேரால் அதன் இனத்தைவிட்டுப் பிரித்து வைக்காதீர்கள், ஏனென்றால் தேனும் பொன்னும் எவ்வளவு கொடுத்தாலும் தன்னவரின் கை செய்யும் வேலையை அவை செய்வதில்லை.