கருப்பட்டி காக்காவின் வெளிநாட்டுச் சேவை

தூத்துக்குடி துறைமுகத்துல கருப்பட்டின்னு ஒரு காக்கா இருந்துச்சு. கப்பல்ல ஓசியில ஏறி ஊர் சுத்துறதுதான் அதுக்கு வேலை. ஆனா இந்தத் தடவை சும்மா கிளம்பல! கூட்டாளிங்ககிட்ட சவால் விட்டுட்டுக் கிளம்புச்சு.

"ஏலே, நான் வெளிநாட்டுக்குச் சேவை பண்ணப் போறேன்! வீடில்லாதவங்களுக்கு வீடு குடுத்துட்டு வாரேன்!"

"நீயா? உன் கூட்டுல குயில் பிள்ளை வளருறதே உனக்குத் தெரியல. நீ அடுத்தவங்களுக்கு வீடு குடுக்கப் போறியாக்கும்!"

"பாத்துக்கிட்டே இருங்கல!"

அலகுல ஒரு கேரி பேக். உள்ள என்னன்னு பாத்தா, டீக்கடை குப்பையில பொறுக்கின பிளாஸ்டிக் பாட்டில் மூடிங்க! சிவப்பு, பச்சை, நீலம்னு இருபது மூடி.

மூணாம் நாள் கப்பல் ஒரு குட்டித் தீவுப் பக்கம் நங்கூரம் போட்டுச்சு. சாயங்காலம் ஹாரன் அடிச்சா கிளம்பிடும். கருப்பட்டி ஒரே பறப்புல கரைக்கு வந்துருச்சு.

கரையில சன்னியாசி நண்டுங்க நின்னுச்சு. பேருதான் சன்னியாசி, ஆனா சொந்த வீடு இல்லாம ஒரு அடி எடுத்து வைக்காது! அதுக்குப் பின்பக்கம் பஞ்சு மாதிரி இருக்கும். அதனால காலிச் சங்கா பாத்து உள்ள புகுந்து, அதையே முதுகுல சுமந்துட்டுத் திரியும்.

பதினேழு நண்டு. பெருசு முன்னாடி, சிறுசு பின்னாடின்னு ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு வரிசை. கடைசில சுண்டுன்னு ஒரு குட்டி நண்டு. நேத்து அலை அடிச்சதுல அதோட சங்கு நொறுங்கிப் போச்சு. வெறும் உடம்போட ஈர மண்ணுல பதுங்கி நடுங்கிட்டிருந்துச்சு.

கருப்பட்டிக்கு மனசு உருகிருச்சு. 'அடப்பாவமே! வெயில்ல க்யூ! ரேஷன் கடையைவிட மோசமால்ல இருக்கு!'

வரிசைக்கு முன்னாடி நின்ன பெரிய நண்டு, பேரு பாறையம்மா, ஒத்தக் கண்ணை மட்டும் தூக்கிப் பாத்துச்சு.

"என்ன தம்பி, எங்களைத் திங்க வந்தியா?"

"சேச்சே! சேவைக்கு வந்திருக்கேன்க்கா! இனிமே நீங்க யாரும் வரிசையில நிக்க வேண்டாம். கலைங்க, கலைங்க! ஆளுக்கொரு வீடு!"

"ஏய், கலைக்காத! ஒரு நிமிஷம் நான் சொல்றதைக்..."

"நன்றியெல்லாம் அப்புறம் சொல்லுங்கக்கா!"

கருப்பட்டி உள்ள பூந்து, ஒவ்வொரு நண்டா இழுத்து விட்டு, மூடியை முன்னாடி வச்சுட்டே போச்சு. காலையில இருந்து சேர்ந்த வரிசை கண் மூடித் திறக்குறதுக்குள்ள சிதறிப் போச்சு. பாறையம்மா முன்னாடியும் ஒரு நீல மூடி!

"இதுல என் ஒத்தக் கொடுக்குகூட நுழையாது. தலையில தொப்பியாப் போட்டுக்கவா?" பாறையம்மா கேட்டுச்சு. நண்டுங்க எல்லாம் கொல்லுனு சிரிச்சுது.

சுண்டு மட்டும் சிரிக்கல. அதுக்கு வேற வழியில்ல. சிவப்பு மூடிக்குள்ள புகுந்துச்சு.

"அண்ணே, சுடுதுண்ணே! தோசைக்கல்லு மாதிரி சுடுது!"

"புது வீடு அப்படித்தான் இருக்கும். பழகிரும்!"

சொல்லி வாய் மூடல, மேல ஒரு நிழல். கடல்புறா! வெள்ளை மணல்ல பளபளன்னு சிவப்பு மூடி. ஆகாசத்துல இருந்து பாத்தா, தட்டுல வச்ச மிட்டாய் மாதிரி தெரிஞ்சிருக்கு! சர்ருனு இறங்குச்சு.

"அக்கா!" சுண்டு அலறுச்சு.

கருப்பட்டி விருட்டுனு மேல பாஞ்சுச்சு. கத்துறதும் கொத்துறதும் காக்காவுக்குச் சொல்லியா குடுக்கணும்? "கா! கா! கா!"னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டே கடல்புறா வாலைப் பிடிச்சு இழுத்துச்சு. கடல்புறா ரெண்டு சுத்து சுத்திட்டு, "போடா, உன் மிட்டாயை நீயே வச்சுக்க!"ன்னு திட்டிட்டுப் போயிருச்சு.

கருப்பட்டி மண்ணுல உக்காந்துச்சு. மூச்சு வாங்குச்சு. சுண்டு வெளிய வந்து மறுபடியும் மண்ணைத் தோண்ட ஆரம்பிச்சுது. அதைப் பாக்கவே கருப்பட்டிக்கு வெக்கமா இருந்துச்சு.

"அக்கா... உங்களுக்கு என்னதான் வேணும்?"

"இதை வந்ததும் கேட்டிருக்கலாம்ல? அந்தா, பாறை இடுக்குல ஒரு பெரிய சங்கு மாட்டிக்கிட்டு இருக்கு பாரு. எங்களால இழுக்க முடியல. அதை எடுத்துட்டு வா."

"ஒண்ணே ஒண்ணா? நீங்க பதினேழு பேர் இருக்கீங்களே!"

"எடுத்துட்டு வாடா!"

சங்கு பாசி பிடிச்சு நாறுச்சு. கருப்பட்டி அலகால நெம்புச்சு, காலால இழுத்துச்சு, தலையால முட்டி உருட்டுச்சு. பாதி தூரத்துல பாம்ம்ம்னு ஹாரன்! கப்பல் கிளம்பப் போகுது. கருப்பட்டி கப்பலைப் பாத்துச்சு. மண்ணுல பாதி மறைஞ்சிருந்த சுண்டுவைப் பாத்துச்சு. மறுபடியும் தலையைக் குனிஞ்சு உருட்டுச்சு.

அதுக்குள்ள நண்டுங்க திரும்ப வரிசை கட்டியிருந்துச்சு.

பாறையம்மா பெரிய சங்குக்குள்ள தாவுச்சு. அது விட்ட சங்குக்குள்ள ரெண்டாவது நண்டு. ரெண்டாவது விட்டதுல மூணாவது. டக், டக், டக்! கருப்பட்டி வாயைப் பொளந்து பாத்துச்சு. வளர்ந்துட்டா பழைய வீடு பத்தாதுல்ல? அதான் எல்லாரும் ஒரு பெரிய சங்குக்காகக் காத்திருந்திருக்காங்க! கடைசியா மிஞ்சுன குட்டிச் சங்குக்குள்ள சுண்டு புகுந்து, கதவடைக்கிற மாதிரி கொடுக்கை மடக்கிக்கிச்சு.

"அண்ணே, சுடவே இல்லண்ணே!"

"கிளம்பும்போது அந்தத் தொப்பியெல்லாம் பொறுக்கிட்டுப் போ தம்பி," பாறையம்மா சொல்லுச்சு.

இருபது மூடியையும் பொறுக்கிக்கிட்டு, நடுக்கடல்லதான் கருப்பட்டி கப்பலைப் பிடிச்சுது.

ஊர்ல கூட்டாளிங்க சூழ்ந்துக்கிட்டாங்க. "எத்தனை வீடு குடுத்தல?"

"ஒரு சங்கு உருட்டுனேன்."

"அவ்வளவுதானா!"

"அவங்க கேட்டது அவ்வளவுதான்ல."

கடல் தாண்டிப் போய் உதவுனாலும் சரி, 'உங்களுக்கு என்ன வேணும்?'னு முதல்ல கேக்காம செய்யுற உதவி உபத்திரவமாத்தான் முடியும்.