மீதி இல்லாத வரிசை

முன்பு ஒரு காலத்தில் வெண்குன்ற நாட்டைத் தாரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன் என்று சொல்வதற்கில்லை. யானையோ குதிரையோ தட்டில் வைக்கிற பலகாரமோ, எல்லாம் சம வரிசையில் நிற்க வேண்டும் அவனுக்கு. மீதி என்று ஒன்று வந்தால் பிடிக்காது.

ஒரு கோடையில், மழை பொய்த்துப்போன அக்கரைச் சீமை ஜனங்கள் நிலம் கேட்டு அரண்மனை மைதானத்துக்கு வந்தார்கள். தளபதி சண்டபாகு ஆட்களை எண்ணிவிட்டு ராஜா காதில் ஓதினான். அமைச்சர் தத்தனாரைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

"ஆயிரத்தொன்பது பேர்," என்றான் ராஜா. "சம வரிசையில் நின்றால் நிலம். ஒரு ஆள் மிஞ்சினாலும் அத்தனை பேரும் திரும்பிப் போக வேண்டியதுதான். தத்தனாரே, நிறுத்தும் பார்க்கலாம்."

தத்தனாருக்கு அப்போதே விளங்கிவிட்டது. அது பகா எண். எதைக்கொண்டும் பங்கு போட முடியாது. ஒரே ஒரு வழிதான், அதுவும் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சண்டபாகு மூக்குடைபட வேண்டும், அதைச் சபையே பார்க்க வேண்டும்.

"வரிசை நிறுத்துவது தளபதியின் தொழில். அவர் முதலில் செய்யட்டும்."

"செய்கிறேன். முடியாது என்று நானே காட்டுகிறேன்."

இரண்டிரண்டாக நிறுத்தினான். ஒருவர் மிச்சம். மும்மூன்றாக, அப்போதும் ஒருவர். ஐந்தைந்தாக, நாலு பேர். வெயில் ஏறிக்கொண்டே போனது. செங்கோடன் என்பவன் காய்ச்சலோடு கம்பை ஊன்றி நின்றான். ஒவ்வொரு தடவையும் அவனும் இடம் மாற வேண்டியிருந்தது. அவன் பெண்சாதி பேச்சி ஓடிவந்தாள்.

"சாமி, அவுக நிக்கமாட்டாம நிக்கிறாக. சீக்கிரம் முடிச்சுவிடுங்க."

"ஆச்சு தாயி, இன்னும் கொஞ்சம்தான்," என்றார் தத்தனார்.

முப்பத்தொன்றுக்கு வந்தபோது பதினேழு பேர் மிஞ்சினார்கள்.

"முப்பத்திரண்டும் வைத்துப் பார்க்கட்டுமா அமைச்சரே?" என்றான் சண்டபாகு.

"வேண்டாம். முப்பத்திரண்டு பேராக முப்பத்திரண்டு வரிசைக்கு ஆள் போதாது. இனிமேல் நீளம் அகலமாகும், அகலம் நீளமாகும், அவ்வளவுதான்."

"அப்படியானால் தோற்றீர்."

"ஒருவர் பின் ஒருவராக நிறுத்தும். வரிசைக்கு ஒரு ஆள், ஆயிரத்தொன்பது வரிசை. மீதி எங்கே?"

"ஒற்றை ஆள் ஒரு வரிசையா?"

"ஊர்வலத்தில் முதல் வரிசையில் மகாராஜா ஒருவர்தானே வருகிறார். அது வரிசை இல்லை என்கிறீரா?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சண்டபாகுவின் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னான். தன் முத்துமாலையைத் தத்தனார் கழுத்தில் போட்டான். "நிலம் தந்தேன். ஒற்றை வரிசையில் வாருங்கள்."

வரிசை நகர்ந்தது. செங்கோடன் நகரவில்லை. கம்புக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தான். மூச்சில்லை.

பேச்சி அழவில்லை. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே சாமி," என்றாள்.



மேடைமேலிருந்து ராஜா எட்டிப் பார்த்தான். "இப்போது ஆயிரத்தெட்டா? அர்ச்சனைக்கு ஆகிற எண்ணாயிற்றே. எப்படி வேண்டுமானாலும் நிற்குமே. எங்கே, இரண்டிரண்டாக நில்லுங்கள் பார்க்கலாம்."

நின்றார்கள். யாரும் மிஞ்சவில்லை. பேச்சிக்குப் பக்கத்தில் வேறு யாரோ நின்றார்.